மாதாவோடு பேச்சு இல்லாத நாட்களின் கைப்பிடிகள்

எதை மூடினாலும் தேசம்மா அத்தையின் உதடு அசையத் தொடங்கிவிடும். சோற்றுப் பானை, டிபன் பாக்ஸ், ஃப்ரிட்ஜ் கதவு, எதுவானாலும் சரி. சத்தம் வராது. கண் வேறெங்கோ இருக்கும், கை வேறு வேலை செய்துகொண்டிருக்கும், உதடு மட்டும் ஓடும். கொஞ்ச நேரத்தில் நிற்கும். நின்ற உடனே கை தானாகப் போய் மூடியதைத் திறக்கும். பீரோவைக்கூட அப்படித் திறந்து பார்த்துவிட்டு, "இத்த இன்னாத்துக்குத் தொறந்தேன்?" என்று பீரோவிடமே கேட்பார். பிறகு மூடுவார். மூடியதும் உதடு மறுபடி அசையும்.

பள்ளி நாட்களில் எனக்கும் பிரபாகருக்கும் இது பெரிய பொழுதுபோக்கு. பிரபாகர் அத்தையின் மகன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். "அம்மா, பீரோவை மூடலியா?" என்று கேட்டுவிட்டு இரண்டு பேரும் கட்டிலடியில் உட்கார்ந்து காத்திருப்போம். அந்த உதட்டில் ஓடியது என்ன என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தேசம்மா என் அப்பாவின் அக்கா. பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் எங்கள் வீடும் அவர் வீடும் எதிரெதிர். அப்பா படகுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். அத்தையும் முதலில் மீன்தான் விற்றார், ஆழ்வார்பேட்டையில் ஒரு தெருமுனையில். அந்தத் தொழில் அவருக்கு ஒத்துவரவில்லை. வாயில் பொய் வராது. "வஞ்சிரம் எப்படிம்மா இருக்கு?" என்று யாராவது கேட்டால், "நேத்து நல்லா இருந்திச்சி" என்பார். பக்கத்தில் உட்கார்ந்து விற்றவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் அவருக்கு வேறு வேலை தேடிக் கொடுத்தார்கள் என்று அம்மா சொல்வார்.

அந்த வேறு வேலை சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்தது. தகரக் கூரை போட்ட ஷெட்டில் குக்கருக்கும் வாணலிக்கும் கறுப்புக் கைப்பிடி செய்தார்கள். முதலாளி குருபிரசாத் மயிலாப்பூர்க்காரர், அப்பா தொடங்கிய தொழிலை விடவும் முடியாமல் வளர்க்கவும் தெரியாமல் வைத்திருந்தவர். அத்தை அங்கே பிரஸ்ஸில் நின்றார், கடைசி வரைக்கும்.

வேலை பார்க்க எளிது. சூடான இரும்பு அச்சில் ஒரு குவளை பேக்கலைட் பவுடரைக் கொட்ட வேண்டும். மேல் அச்சை இறக்கி, சக்கரத்தைச் சுற்றி இறுக்க வேண்டும். உடனே ஒரு முறை லேசாகத் தூக்கி உள்ளே உண்டாகிற வாயுவை வெளியே விட்டு, திரும்ப இறுக்க வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதில்தான் எல்லாமே. சீக்கிரம் திறந்தால் வேகாது, தாமதமானால் பளபளப்புப் போகும்.

சுவரில் கடிகாரம் இருந்தது. பவுடர் தூசும் புகையும் படிந்து அதன் முகம் சுட்ட அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. நன்றாக இருந்தாலும் பயனில்லை. ஓர் அச்சு வேகும்போது முந்தின கைப்பிடியின் பிசிறை அரத்தால் தேய்க்க வேண்டும். கண்ணும் கையும் அதிலேயே இருக்கும். அத்தைக்கு மிச்சமிருந்தது வாய் ஒன்றுதான். அதனால் ஜெபமாலை சொல்லத் தொடங்கினார். ஜெபமாலையில் ஒரு பத்து, அதாவது மாதாவுக்கான 'அருள் நிறைந்த மரியே' பத்துத் தடவை, முடிந்தால் ஒரு கைப்பிடி வெந்திருக்கும். யாரும் கணக்குப் போட்டுக் கொடுக்கவில்லை. சொல்லிப் பார்த்து, திறந்து பார்த்து, அதுவாக அமைந்தது.

இப்படி நாள் முழுக்க ஜெபிக்கிறவர் எங்கள் கோயில் பங்கில் வேறு யாரும் இல்லை. இந்தச் செய்தி பரவியதும் குப்பத்துப் பெண்கள் அவரிடம் விண்ணப்பம் வைக்க ஆரம்பித்தார்கள். ஒருத்திக்கு மகன் குடியை விட வேண்டும், ஒருத்திக்குக் குவைத் விசா வர வேண்டும். அத்தை யாரையும் மறுத்ததில்லை. "நாளிக்கு மத்தியானம் வரிக்கும் வாணலி கைப்பிடி. அது முச்சூடும் உனுக்குத்தான், போ." பங்குத் தந்தை ஒரு திருவிழாவில் அவரை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். இவ்வளவு ஆழமாக ஜெபிக்க என்னம்மா வேண்டும் என்று கேட்டார். "அச்சு நல்லா சூடா இருக்கணும் சாமி" என்றார் அத்தை.

எனக்கும் சொன்னார். கல்லூரியில் வேதியியல் சேர்ந்த முதல் வருடம் ஒரு பாடத்தில் தேறாமல் கிடந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தேறாமல் கிடக்கிற முதல் ஆளும் நானே. மறுதேர்வு வந்த வாரம் முழுக்க அத்தை அச்சில் இருந்து எடுத்த கைப்பிடிகள் என் பேரில் போயின. தேறினேன். அந்தப் பட்டத்தில் நான் எவ்வளவு, அத்தையின் குக்கர் கைப்பிடி எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

நான் எம்.எஸ்ஸி. முடித்து, பெருங்குடிப் பக்கம் ஒவ்வொரு அலுவலகமாக இன்டர்வியூவுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்த கோடையில்தான் அத்தைக்கும் மாதாவுக்கும் சண்டை வந்தது.

காரணம் பிரபாகர். அவன் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்துகொண்டிருந்தான். சித்திரை வெயிலில் கறுத்துத் திரும்பி வருவதைப் பார்க்க முடியாமல், அவனுக்கு வெயில் படாத வேலை ஒன்று வேண்டும் என்று அத்தை ஆரோக்கிய மாதாவிடம் கேட்டார். அடுத்தவர்களுக்காக அவ்வளவு ஜெபித்தவர் தனக்கென்று கேட்டது அதுதான் முதல் முறை. மாதா கொடுத்தார். காசிமேட்டில் மீன் வைக்கிற குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்தது. மே மாதத்தில் ஊரே வெந்துகொண்டிருக்க, பிரபாகர் கம்பளிக் கோட்டும் குல்லாவும் போட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். உடம்பு முழுக்க மீன் வாசனை. எந்த வாசனையிலிருந்து தப்பித்து அத்தை சிந்தாதிரிப்பேட்டைக்கு ஓடினாரோ, அதே வாசனை.

"கிண்டல் பண்றாங்க" என்றார் அத்தை.

"யாரு அத்தை?"

"அவங்கதான். நான் இன்னா கேட்டேன், அவங்க இன்னா குடுத்துக்கிறாங்க பாரு. வெயிலு படாத வேலைதானே கேட்ட, இந்தா வெச்சிக்கோன்னு ஐஸ்பொட்டில போட்டுட்டாங்க. பேச்சே இல்ல இனிமே."

அம்மா சமாதானம் சொல்லிப் பார்த்தார். பிரபாகரே தும்மிக்கொண்டு, "சம்பளம் பரவாயில்லம்மா" என்றான். அத்தை வீட்டிலிருந்த மாதா படத்தைக் கழற்றவில்லை, மாலை போடுவதையும் நிறுத்தவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள் இருப்பது மாதிரி இருந்தது.

ஷெட்டில் வாய் சும்மா இருக்கக் கூடாதே. அதனால் புனித அந்தோணியாரிடம் மாறினார். அந்தோணியாருக்கு அவர் சொல்லும் ஜெபம் சின்னது. பத்துத் தடவை சொன்னாலும் சீக்கிரம் முடிந்துவிடும். அத்தை பத்து என்ற கணக்கை மாற்றவில்லை. மாறியது ஜெபத்தின் நீளம் என்பது அவர் மனதில் படவே இல்லை. வேலை சுருக்காக முடிகிறதே என்று அந்தோணியாரைப் புகழக்கூடச் செய்தார்.

கைப்பிடிகள் திரும்பி வர ஆரம்பித்தன.

கொண்டுவந்தவர் மெஹபூப் அலி. தி.நகரில் ஒரு பெரிய பாத்திரக் கடைக்குச் சரக்கு வாங்குகிறவர். ஒரு மஞ்சள் பையைக் குருபிரசாத்தின் மேஜையில் கவிழ்த்தார். கறுப்புக் கைப்பிடிகள் அம்மை போட்ட மாதிரி கொப்புளத்தோடு உருண்டன. சில மங்கிப் போயிருந்தன. எல்லாவற்றிலும் ஆஸ்பத்திரி வாசனை.

"சார், ஒரு அம்மா சாம்பார் வெச்சுக்கினு இருக்காங்க. கைப்பிடி பூரி மாதிரி உப்பிக்கிது. கடைல வந்து என் மூஞ்சிலயே தூக்கி வெச்சாங்க. பதினைஞ்சு நாள்ல அடுத்த லாட்டு வாங்க வரேன். இங்கயே தண்ணில போட்டு வேக வெச்சுப் பாப்பேன். ஒண்ணு உப்பினாலும் ஆர்டர் கோயமுத்தூருக்குப் போயிடும். அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

அந்த ஆர்டர் போனால் ஷெட்டில் வேறு ஆர்டர் இல்லை. செல்போன் உறை விற்கிற ஒருவர் அந்த இடத்தை கோடவுனுக்குக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். குருபிரசாத் அத்தையிடம் ஒளிக்கவில்லை. "தேசம்மா, இது போச்சுன்னா பிரஸ்ஸைப் பழைய இரும்புக்குத்தான் போடணும். என்னால இனிமே முடியாது. நீங்களும் வேற எடம் பாத்துக்கோங்கோ."

அன்று சாயங்காலம் அத்தை பஸ்ஸில் இருந்து இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். "கெமிஸ்ட்ரி படிச்ச இல்ல? நாளிக்கு என்னோட வா. என் பிரஸ்ஸு போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன், திரும்பப் போய் மீன் விப்பனா? ஒருத்தரும் வாங்க மாட்டாங்க."

மறுநாள் போனேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சோதித்தேன். தெரிந்ததா, படித்ததா என்று எனக்கே அடிக்கடி சந்தேகம் வரும், ஆனாலும் செய்தேன். அச்சின் சூடு சரியாக இருந்தது. பவுடரில் ஈரம் இல்லை. ரங்கநாதன் தெருவில் வாங்கிய நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுக் கைப்பிடிமேல் தேய்த்தேன். பஞ்சு பழுப்பாயிற்று. முழுதாக வெந்த பேக்கலைட் அப்படி நிறம் விடாது.

"வேகல சார்" என்றேன்.

குருபிரசாத் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "வேகலேன்னா? கல்லு மாதிரின்னா இருக்கு."

"மேல கல்லு. உள்ள பாதிதான் ஆயிருக்கு. பவுடர்ல இருக்கறது குட்டிக் குட்டிச் சங்கிலி சார். சூடு பட்டதும் முதல்ல இளகி அச்சு முழுக்க ஓடும். ஓடிக்கிட்டே ஒண்ணோட கையை ஒண்ணு பிடிக்கும். ஒரு பக்கம் இல்ல, எல்லாப் பக்கமும். பிடிச்சு முடிச்சப்புறம் எதுவும் நகர முடியாது. அதுக்கப்புறம் எவ்வளவு சூடு வெச்சாலும் கருகும், உருகாது. பிளாஸ்டிக் பக்கெட்டை உருக்கித் திரும்ப ஊத்தலாம். இதை முடியாது. இட்லியைத் திரும்ப மாவாக்க முடியாத மாதிரி."

அத்தை அரத்தைக் கீழே வைத்தார். "நம்ப குப்பம்தான் அது. சின்ன வயசுல அவனவன் இஸ்டத்துக்குச் சுத்திக்கினு இருப்பான். அப்பால இவன் பொண்ண அவன் கட்டி, அவன் தங்கச்சிய இவன் கட்டி, எல்லாரும் எல்லாருக்கும் சம்பந்தி. ஒருத்தனால வூடு மாத்திப் போவ முடியாது."

"அதேதான் அத்தை. கல்யாணம் முடியறதுக்குள்ள மண்டபத்தைத் திறந்துட்டா பாதிப் பேரு தனியா நிக்கறாங்க. உள்ள வாயுவும் மாட்டிக்கிது. சாம்பார் சூடு பட்டதும் உப்பிடுது."

"நான் ஒயுங்காத்தான் பத்து முடிச்சுத் தொறக்கறேன்."

அவர் அடுத்த அச்சை மூடினார். நான் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ வருடம் பார்த்த உதடு. அது வழக்கத்தைவிடச் சீக்கிரம் நின்றது. கேட்டேன். அந்தோணியார் விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. குருபிரசாத் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அத்தை தன் அரத்தையே பார்த்தார். "அவரு மேல தப்பில்ல" என்றார் மெதுவாக. அந்தோணியாரைத்தான் சொன்னார்.

தீர்வு எளிது என்று நினைத்தேன். என் போனில் நேரம் வைத்து, மணி அடித்ததும் திறங்கள் என்றேன். அத்தை ஒப்புக்கொண்டார். முதல் அச்சு நன்றாகவே வந்தது. இரண்டாவது அச்சு மூடிய கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அத்தை சக்கரத்தைச் சுற்றித் திறந்துவிட்டார். உள்ளே கைப்பிடி இல்லை, கமர்கட்டு இருந்தது. இழுத்தால் நீண்டது. போனில் ஒரு பெண் எனக்குக் கடன் வேண்டுமா என்று இனிமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அச்சைச் சுரண்டி முடிக்க மத்தியானம் ஆயிற்று.

"அந்த சனியன் எப்போ எதுக்குக் கூவுதுன்னே தெரியல" என்றார் அத்தை.

அடுத்து குருபிரசாத், தான் பக்கத்தில் நின்று சுலோகம் சொல்வதாகவும் அது முடிந்ததும் அத்தை திறக்கலாம் என்றும் சொன்னார். மயிலாப்பூரில் ஆபீஸ் போகிற அவசரத்தில் சொல்லிப் பழகிய வாய். அந்தோணியார் ஜெபத்தைவிட வேகமாக முடித்துவிட்டு, "ம், தெறங்கோ" என்றார். அத்தை திறக்கவில்லை. "சார், நானே சண்டைல கீறேன். நீ இன்னும் மோசம்."

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. வேறொரு டைமர் வாங்கலாம் என்றேன். ஆனால் அத்தைக்கு மணிச் சத்தத்தின்மேலேயே நம்பிக்கை போய்விட்டது. அடிக்கும் அடிக்கும் என்று பயந்து அச்சையே பார்த்துக்கொண்டு நிற்பார், பிசிறு தேய்க்கிற கை நின்றுவிடும். அப்படி நின்றால் லாட்டு முடியாது. மாதாவிடம் திரும்பிப் போங்கள் என்று சொல்ல எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை. எனக்கு அதைச் சொல்லும் உரிமை உண்டா என்றும் தெரியவில்லை. படிக்கும்போது பலன் வாங்கிக்கொண்டவள் நான். நம்பிக்கை இருந்ததா என்று என்னை யாரும் கேட்டதில்லை.

ஒரு காலை குருபிரசாத் தாமதமாக வந்தார். நெற்றியில் விபூதி, வெள்ளை வேட்டி, கையில் பாதி உருகிய ஒரு மெழுகுவர்த்தி.

"தேசம்மா, பெசன்ட் நகர் போயிட்டு வரேன்."

அத்தைக்குப் புரியவில்லை. "பீச்சுக்கா சார்?"

"உங்க மாதா கோயிலுக்கு. அவாகிட்டப் பேசிட்டேன். 'நான் தேசம்மாவோட மொதலாளி, அவா பையன் வேலை விஷயத்துல நீங்க கொஞ்சம் அவசரப்பட்டுட்டேள்'னு நாசூக்காச் சொன்னேன். தப்பா ஒண்ணும் பேசலை."

நான் சிரிப்பை அடக்க பவுடர் மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அய்ய. இன்னா சார் நீ?" என்றார் அத்தை. "எங்க வூட்டுச் சண்டைய நீ போய் ரோட்டுல பேசிட்டு வந்துகீற. மெழுகுவத்தி ஏத்துனியா?"

"ஏத்தினேன். காத்துல அணைஞ்சுடுத்து. திரும்ப ஏத்தினேன், திரும்ப அணைஞ்சுது. அவாளுக்கும் கோவமோ என்னவோன்னு மிச்சத்தை எடுத்துண்டு வந்துட்டேன்."

"ஏத்துனத எடுத்துனு வருவாங்களா யாராச்சும்?" அத்தை அந்த மெழுகுவர்த்தியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். கொஞ்ச நேரம் அச்சைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "எனுக்காக நீ போன. உனுக்கு உங்க சாமிகிட்ட எதுனா தகராறு கீதா? சொல்லு, நான் வந்து பேசறேன்" என்றார்.

குருபிரசாத் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "சாமியோட ஒண்ணுமில்லேம்மா. மாளவிகாதான் பேசறதில்லே."

மாளவிகா அவர் மகள், பெங்களூரில் இருக்கிறாள். அவளுக்குப் பிடித்தவனை இவர் வேண்டாம் என்றதில் ஆரம்பித்தது. கல்யாணம் அவர் இல்லாமலேயே நடந்தது. அவர் வீட்டில் போன் அடிக்கும், அம்மாவிடம் பேசுவாள், "அப்பாகிட்டக் குடுக்கட்டுமா?" என்றதும் வைத்துவிடுவாள். இதை அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்க கபாலி கோயிலுக்கு வரேன். நீ பேசினா மொதலாளி மாரி பேசுவ, அது சரிப்படாது. நான் பேசறேன்" என்றார் அத்தை. "கடன் இது. வெச்சுக்க மாட்டேன்."

பிறகு பவுடரை அச்சில் கொட்டினார், மூடினார், ஒரு முறை தூக்கி வாயுவை விட்டார், இறுக்கினார். உதடு அசையத் தொடங்கியது, பழையபடி ஜெபமாலை. "வாய்தான் சொல்லுது. மனசு இன்னும் பேசல" என்று இடையில் எனக்கு ஒரு விளக்கம் வந்தது. மனசு பேசினாலும் பேசாவிட்டாலும் பேக்கலைட்டுக்கு ஒன்றுதான் என்று சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டேன். வெளியே வந்த கைப்பிடியில் என் முகம் தெரிந்தது. பஞ்சைத் தேய்த்தேன். வெள்ளையாகவே இருந்தது.

மெஹபூப் அலி சொன்னபடி வந்தார். அடுப்பு மூட்டி, பெரிய குண்டானில் தண்ணீர் கொதிக்க வைத்து, லாட்டில் தானே பொறுக்கிய கைப்பிடிகளைப் போட்டுத் தட்டால் மூடினார். மூடியதுமே அத்தையின் உதடு ஓட ஆரம்பித்தது. குருபிரசாத் நகத்தைக் கடித்தார். ஒரு பத்து முடிந்ததும் அத்தையின் கை தட்டை நோக்கிப் போனது.

"அக்கா, நான் சொல்லும்போது திறக்கலாம்" என்றார் மெஹபூப் அலி.

"பயக்கதோஷம் பாய்."

அத்தை மறுபடி ஆரம்பித்தார். எத்தனை பத்து போயிற்று என்று நான் எண்ணவில்லை. கடைசியில் மெஹபூப் அலி இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒன்றை மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றைத் தரையில் அடித்தார். கல்லில் கல் மோதிய சத்தம் கேட்டது.

"சரி. ஆர்டர் உங்களுக்குத்தான்" என்றார். "இன்னா பண்ணீங்க, டைமர் வாங்கினீங்களா?"

"இல்ல பாய்" என்றார் அத்தை. "பெரியவங்க வந்து பேசி வெச்சாங்க."

பிரஸ் அவரிடமே இருந்தது. மாதாவோடு மனசும் பேச ஆரம்பித்தது எப்போது என்று தெரியாது. பிரபாகர் கிடங்கில் மேற்பார்வையாளராகி, கண்ணாடி அறைக்குள் குல்லா இல்லாமல் உட்கார ஆரம்பித்த பிறகு ஒரு நாள், "அவங்களுக்குக் கொஞ்சம் டைம் ஆவும்போல கீது" என்று அத்தை சொன்னார். அதற்குள் எனக்கு ஒரு பெயின்ட் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. அதில் என் பங்கு எவ்வளவு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கபாலி கோயிலுக்கு மட்டும் அவர் போகவில்லை. ஒவ்வொரு வாரமும் போவதாகத்தான் இருந்தது. முட்டிவலி ஆறட்டும் என்றார். மார்கழிக் கூட்டம் குறையட்டும் என்றார். அறுபத்து மூவர் திருவிழா முடியட்டும் என்றார். ஒரு முறை என்னிடம் மெதுவாக, "அங்க யாருகிட்ட மொதல்ல பேசணும்? அய்யாகிட்டயா, அம்மாகிட்டயா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. போன ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தவர் ஒரு வாரத்தில் இறந்துபோனார். அடக்கத்தன்று குருபிரசாத் எங்கள் கோயில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசி பெஞ்சில், எல்லோரும் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்துகொண்டிருந்தார்.

பொங்கலுக்கு அவரைப் பார்க்கப் போனேன். ஷெட் ஓடிக்கொண்டிருந்தது. பிரஸ்ஸில் இசக்கியம்மாள் என்று ஒருவர் டைமர் வைத்து நின்றார். பேசிவிட்டுக் கிளம்பும்போது குருபிரசாத், "உங்க அத்தை ஏதாவது சொன்னாளாம்மா, எங்க கோயிலுக்குப் போனதைப் பத்தி?" என்று கேட்டார். போகவில்லை சார் என்று சொல்ல வேண்டியதாயிற்று. "பரவாயில்லே" என்றார். உடனே இன்னொரு முறையும் சொன்னார்.

அந்த வாரமே நான் மயிலாப்பூரில் இறங்கினேன். கடன் குடும்பத்துக்கு வரும் என்பார்கள். கோபுர வாசலில் செருப்பை விட்டு, கால் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். வரிசை மெதுவாக நகர்ந்தது. அத்தையாக இருந்தால், "இந்தா பாரு" என்று ஆரம்பித்திருப்பார். நான் எவ்வளவு யோசித்தும் முதல் வார்த்தை கிடைக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் தள்ள, கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். வெளியே வந்தபோதுதான் மாளவிகாவின் பெயரையே சொல்லவில்லை என்று உறைத்தது.

அவள் இன்னும் அப்பாவோடு பேசவில்லை.